வாசலில் சண்டை எதற்கு?

பல ஊர்களில் நடக்கும் சங்கதி இது. வாடகை இரண்டு மாதம் நின்று போகிறது. வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். குடியிருப்பவரும் பதிலுக்குச் சத்தம் போடுகிறார். மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. விளக்கு எரியவில்லை. சில வீடுகளில் கதவிலே புதுப் பூட்டு தொங்குகிறது!

தெருவே கூடி வேடிக்கை பார்க்கிறது. பிள்ளைகளின் புத்தகப் பை உள்ளே; பிள்ளைகள் வெளியே.

இந்த அவமானம் யாருக்கும் வேண்டாம். சட்டம் ஒரு நேர்வழி வைத்திருக்கிறது. அதன் முதல் படிதான் நோட்டீசு.

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெகுகாலம் அமுலில் இருந்தது. அதற்குப் பதிலாக 2017-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி அது அமுலுக்கு வந்தது.

இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். "11 மாதத்துக்குத்தானே" என்று வாய்ப்பேச்சோடு விடக்கூடாது.

2 மாத வாடகை பாக்கி நின்றால், வீட்டுக்காரர் நோட்டீசு கொடுக்கலாம். அது கிடைத்த 1 மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டால், அந்தப் பாக்கிக்காக வெளியேற்ற முடியாது. ஆனால், இதையே வாடிக்கையாக வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. ஒருமுறை இப்படித் தப்பியவர் பிற்பாடு ஒரு வருடத்தில் தொடர்ந்து 2 மாதம் பாக்கி வைத்தால், இந்தச் சலுகை மறுபடி கிடையாது.

வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதும் தவறு. வீட்டுக்குச் சேதம் வரும்படியோ, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகவோ நடந்து, நோட்டீசு வந்த பிறகும் அதை நிறுத்தாமல் இருப்பதும் தவறுதான். இவற்றுக்காக வீட்டுக்காரர் வாடகை கோர்ட்டுக்குப் போகலாம்.

காலி செய்ய உத்தரவு போடும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. வீட்டுக்காரரின் பூட்டுக்குக் கிடையாது! தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தவும் சட்டம் இடம் தரவில்லை. சட்டவிரோதமாக வெளியே தள்ளப்பட்டவர், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம்.

எப்படிக் கொடுப்பது?

நோட்டீசு எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். குடியிருப்பவர் இல்லை என்றால், அவர் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால், வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் சொல்லும் முறை இது.

எந்த மாத வாடகை, எவ்வளவு பாக்கி, என்ன தவறு என்று தெளிவாக எழுத வேண்டும். வசவு எழுதுவதால் பலன் இல்லை. நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பயம் வேண்டாம்

நோட்டீசு வந்தால் சிலர் வாங்க மறுக்கிறார்கள். வாங்காவிட்டால் வழக்கு வராது என்று நினைப்பு. இது ஏமாளித்தனம். தபாலை வாங்க மறுத்தாலும், பொதுவாகக் கோர்ட்டு அதை வந்து சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். பணம் புரட்டக் கிடைத்த 1 மாதம்தான் வீணாகும். வாங்கிப் படிக்க வேண்டும். புரியாவிட்டால், படித்தவர் ஒருவரிடம் அன்றைக்கே காட்ட வேண்டும். கட்டிய வாடகைக்கு ரசீது வைத்திருந்தால், பொய்க் கணக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் எல்லோரும் பணக்காரர் அல்ல. ஒற்றை வீட்டு வாடகையில் அடுப்பு எரிக்கும் விதவைத் தாய்மார்கள் உண்டு. குடியிருப்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்ல. வேலை போனதால் வாடகை நின்றவர்கள் உண்டு. ஒருவருக்கு அத்தாட்சியும் மற்றவருக்கு அவகாசமும் தருவது அந்த ஒரு காகிதம்தான்.

பூட்டை எடுக்கும் கை, முதலில் பேனாவை எடுக்கட்டும்.