சிவனொளிபாத மலையில் "ஏலாது" என்று சொல்வது பாவமில்லை

சிவனொளிபாத மலைக்கு சீசன் தொடங்கினால் எங்கள் வார்டுக்கும் சீசன் தொடங்கும். ஒவ்வொரு வருடமும் வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். இந்த முறை எழுதிவிடுகிறேன். நீளமான இழை, கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். மலைக்குப் போக இருக்கிறவர்களும், வேன் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

ஒரு ஐயா. வயது அறுபதுக்குக் கிட்ட. (ஆள் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எடுப்பவர். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, பின்னேரம் வேன் ஏறி, வளைவு வளைவாக ஆடி வந்து, நடுச்சாமத்தில் நல்லதண்ணியில் இறங்கி, ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் படி ஏறத் தொடங்கியிருக்கிறார். பாதி வழியில் நெஞ்சில் இறுக்கம். இடது தோள் கனக்குது. குளிரில் வேர்த்து ஊத்துது. அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கட்டிலில் வைத்துக் கேட்டேன். "மலையில ஏலாதுன்னு வாயால சொல்லக்கூடாது டொக்டர். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

உச்சிக்குப் போனார். கும்பிட்டார். எத்தனையாவது தடவை வந்தாரோ அத்தனை முறை மணி அடித்தார். பிறகு தன் காலாலேயே இறங்கினார். எங்களிடம் வந்து சேரும்போது வலி தொடங்கி எட்டு மணித்தியாலம். இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் செய்கிற வேலையை எட்டாவது மணித்தியாலத்தில் செய்யாது. கொடுத்தோம். ஆள் பிழைத்தார். ஆனால் இதயத்தில் ஒரு பங்கு தசை செத்துப்போச்சு, அது திரும்ப முளைக்காது. ஆயிரக்கணக்கான படி ஏறிய மனுசன் இப்ப வீட்டு மாடிக்கு இருக்கிற பதினாலு படியில் நடுவில் உட்காருகிறார்.

அந்த வழக்கம் உங்களுக்கும் தெரியும். மலை ஏறும்போது "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கக்கூடாது. "களைக்குது" என்று சொல்லக்கூடாது. சொன்னால் பிழை நடக்கும் என்று பயமுறுத்தித்தான் என்னையும் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கு. ஒருத்தர் புலம்பினால் கூட்டமே சோர்ந்துவிடும். கால் நோவுக்கு அது நல்ல கட்டுப்பாடு. நெஞ்சு நோவுக்கு அது வாய்ப்பூட்டு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம், அதுதான் என் சண்டை.

முதலில் ஒரு விசயம்: உயரத்தின் மீது பழி போடாதீர்கள். மலை 2243 மீட்டர். இலங்கையில் மிக உயர்ந்தது இதுதான் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இல்லை, அது 2524 மீட்டர் பிதுருதலாகலை. அதற்கு வாகனத்திலேயே போய் இறங்கலாம், இங்கே கால்தான். இந்த உயரத்தில் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கு. ஒட்சிசன் குறைவு என்று பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பிரச்சினை ஏற்றம். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு 5000-க்கு மேல் படி, நிமிர்வாக ஏறத்தாழ 1000 மீட்டர். முந்நூறு மாடிக் கட்டடம் ஒன்றை லிஃப்ட் இல்லாமல் ஏறுகிற கணக்கு.

கிளினிக்கில் நெஞ்சு வலி என்று வந்தால் உங்களை ஓடும் பட்டியில் நடக்க வைத்து ஈசிஜி பார்ப்போம், தெரியும்தானே? பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. பக்கத்தில் டொக்டர், நேர்ஸ், ஷொக் கொடுக்கிற மெசின். "கொஞ்சம் இறுக்குது" என்று சொன்ன உடனே நிறுத்திவிடுவோம். அதே சோதனையை நீங்கள் மலையில் நாலு மணித்தியாலம், இருட்டில், தூக்கமில்லாமல் செய்கிறீர்கள். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. நிறுத்தினால் பாவம் என்று சொல்ல மட்டும் ஆள் இருக்கு.

அடுத்தது சீத கங்குல. ஏறும் முன் அந்த ஓடையில் முழுகிவிட்டுப் போவது புண்ணியம். இளம் ஆட்கள் தாராளமாகக் குளியுங்கள். இதய வருத்தக்காரர், பிரஷர் கட்டுப்படாதவர் செய்யாதீர்கள். திடீரென்று குளிர்நீரில் இறங்கினால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், துடிப்பு தாறுமாறாகும். அதற்குப் பிறகு உடனே ஏற்றம். ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக் கும்பிடுவதைச் சாமி குறைவாக எண்ணாது என்றுதான் நான் நம்புகிறேன்.

விரதம். "சாப்பிடவில்லை, ஆனால் சீனிக் குளிசையை விடவில்லை டொக்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஐயோ! கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் மாதிரிக் குளிசைகளையோ இன்சுலினையோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு நாலு மணித்தியாலம் ஏறினால் சீனி கீழே போய்விடும். வேர்வை, நடுக்கம், பிறகு குழம்பிய பேச்சு. இருட்டில் அதைப் பார்க்கிறவர்கள் "அருள் வந்திருக்கு" என்று சொன்ன கதையும் நான் கேட்டிருக்கிறேன். குளிரில் ஒருத்தர் சும்மா நின்றுகொண்டே வேர்க்கிறார் என்றால் முதலில் வாயில் இனிப்பைப் போடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், தூக்கிக்கொண்டு உதவி தேடுங்கள். விரதமும் பயணமும் சேர்ந்து வந்தால் எந்த மருந்தைக் குறைப்பது என்று போகும் முன்பே உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போவதும் பிழை.

உச்சியில் என்ன நடக்குது? மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சேட்டு வேர்வையில் நனைந்திருக்கும். விடியும் வரை அந்தக் காற்றில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்குகிற இரவுகள் உண்டு. நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஒரு காய்ந்த சேட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போய் மேலே மாற்றினாலே பாதிப் பிரச்சினை இல்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அப்பாமாரே, உங்களுக்கு ஏறுவதால் சூடு, தோளில் சும்மா இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சூடு இல்லை. அதையும் யோசியுங்கள்.

இறக்கத்தைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டார்கள். முழங்காலைக் கொல்வது இறக்கம்தான். தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருக்கு. அதனால்தான் மறுநாள் படி இறங்க ஏலாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறோம். இதற்குப் பயந்து ஏறும் முன்பே இரண்டு டைக்ளோபெனாக் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் வந்திருக்கு. தண்ணீர் குடிக்காமல், அதுவும் லொசார்டன், எனலாப்ரில் எடுக்கிறவர்கள், இதைப் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். இறங்கி வந்த பிறகு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் தூங்கி எழும்பிப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்ப வரப்போகிற கருத்துகள் எனக்குத் தெரியும். "டொக்டர், எங்க ஆத்தா எழுபது வயசுல ஏறினா." ஏறியிருப்பார். தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் ஏறி இறங்கிய ஆத்தா. மேலே இருக்கிற கடைகளுக்கு மூட்டை சுமக்கிற தம்பிமாரும் அப்படித்தான். அந்த இதயமும், காலையிலிருந்து கதிரையில் இருக்கிற உங்கள் இதயமும் ஒன்றில்லை. ஆத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

"சாமி பார்த்துக்குவார்." நான் கும்பிடாதவன் இல்லை. அந்தப் பாதத்தைப் பௌத்தர் புத்தருடையது என்கிறார்கள், நாங்கள் சிவனுடையது என்கிறோம், முஸ்லிம்கள் ஆதமுடையது என்கிறார்கள், கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவுடையது என்கிறார்கள். யாருடைய பாதமாக இருந்தாலும், நெஞ்சு வலியோடு வா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதை வைத்துப் பக்தர்களைக் கேலி பண்ண வருகிற பகுத்தறிவு அண்ணாமாரும் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். சூரிய உதயம் படம் பிடிக்க மட்டும் ஏறுகிற உங்கள் கூட்டாளிமாரும் என் வார்டில் படுத்திருக்கிறார்கள்.

பழைய யாத்திரை இந்த அவசரம் பிடித்த யாத்திரை இல்லை. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் வழியில் போகிறவர்களின் சாப்பாட்டுக்கென்று கிலிமலை ஊரையே எழுதிவைத்தான். வழி நெடுக அம்பலங்கள் எதற்கு? இருந்து, சாப்பிட்டு, படுத்து, எழும்பிப் போகத்தான். விடியலில் சூரியனைக் கும்பிடுவது பழைய வழக்கம்தான். ஆனால் வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டு சனி மத்தியானம் வீட்டில் நிற்க வேண்டும் என்பது நாம் போட்ட கணக்கு. ஒரே நாளில் முடித்தால் வேன் காசு குறைவு, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் டிரைவர் தம்பிக்கும் தூக்கமில்லை. திரும்பும் வழியில் முழு வேனும் அவர் கண் இமையை நம்பித்தான் வருது.

ஆகவே பயணம் ஒழுங்குபண்ணுகிறவர்களிடம் நேராகச் சொல்கிறேன். காசு சேர்க்கும்போதே யாருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து என்று கேளுங்கள். ஒரு இரவு கீழே தங்க வையுங்கள். கடைசியாக நடக்கிறவரோடு நடக்க ஒரு ஆளைப் போடுங்கள். "இன்னும் கொஞ்சந்தான் மாமா, வாங்க" என்று தள்ளாதீர்கள். படியேறும்போது வந்து, நின்றால் குறைகிற நெஞ்சு இறுக்கம் கூட எச்சரிக்கைதான். அவரோடு அப்படியே திரும்புங்கள். நின்ற பிறகும் குறையாவிட்டால் அவரை ஒரு படி கூட நடக்க விடாதீர்கள். இருத்தி வையுங்கள், வழியில் பொலிஸிடமோ முதலுதவி நிலையத்திலோ சொல்லுங்கள், 1990-க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தூக்கிக்கொண்டு இறங்கவே பல மணித்தியாலம் ஆகலாம், அதற்குப் பிறகுதான் மஸ்கெலியா, டிக்கோயா ரோடு. ஆகவே சொல்லத் தயங்குகிற ஒவ்வொரு நிமிடமும் அந்த நேரத்தோடு கூடும்.

அந்த ஐயா போன மாதம் கிளினிக் வந்தார். இந்த வருடம் மகன் போகிறானாம். "என்ன சொல்லி அனுப்பட்டும் டொக்டர்?" என்று கேட்டார். மகனுக்கு முப்பத்தைந்து வயது, சிகரெட் பழக்கம், ஒரு நாளும் பிரஷர் பார்த்ததில்லை. வருகிற செவ்வாய் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.