சீட்டு எழுதித் தருபவர் மட்டும்தானா அந்த டாக்டர்?

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ரிடையர் ஆனவர். மாதம் ஒரு தடவை பாலிகிளினிக்குக்குப் போவார். மாத்திரை வாங்குவார், இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கி வருவார். சீட்டு எழுதுவதற்கு எதற்கு ஒரு டாக்டர்? ஒரு குமாஸ்தா போதாதா?"

நியாயமான கேள்விதான். நம் வாசகிகளில் முன்னாள் படைவீரர் வீட்டுப் பெண்கள் அநேகம் பேர் இருப்பீர்கள். மற்றவர்களுக்கும் இந்தப் பதில் உபயோகப்படும். குடும்பத்துக்கென்று ஒரு முதல் டாக்டர் இருந்தால் அவரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதுதானே விஷயம்?

முதலில் திட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று மத்திய அரசு 2003-ம் வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி தொடங்கியதுதான் இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம். தேசம் முழுவதும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் சென்னை, வேலூர், திருச்சி, மதுரை, கோயமுத்தூர் என்று பல ஊர்களில் உண்டு. சாதாரண வைத்தியம் அங்கேயே. அதற்கு மேல் தேவைப்பட்டால், திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை.

நாற்காலி ஒருவருக்கு, பொறுப்பு இருவருக்கு

பாலிகிளினிக்கில் நுழைந்ததும் கண்ணில் படுபவர் ஓ.ஐ.சி. என்று சொல்லப்படும் பொறுப்பு அதிகாரி. பெரும்பாலும் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியாக இருப்பார். கட்டடம், ஊழியர், கணக்கு, மருந்து இருப்பு, புகார் எல்லாம் அவர் தலையில். ஆனால், வருகிறவர் உடம்புக்குப் பொறுப்பு மெடிக்கல் ஆபீசர் என்கிற டாக்டர். நர்ஸ், மருந்தாளர், லாபரட்டரிக்காரர், பிசியோதெரபிஸ்ட், பல் டாக்டர் என்று எத்தனை பேர் இருந்தாலும், "இந்த மனுஷருக்கு இப்போது எது அவசியம், எது வேண்டாம்" என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் யாருக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தவர் நீங்கள் அல்லவா? அந்த மாதிரிதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருதய டாக்டர் இருதயத்தைப் பார்ப்பார், எலும்பு டாக்டர் முழங்காலைப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர் யார்? முழங்கால் வலிக்கு மாதக் கணக்கில் சாப்பிடும் வலி மாத்திரை, ரத்த அழுத்தத்தை ஏற்றி சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். ஒரே மருந்தை இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதித் தருவதும் உண்டு. "இது வேற, அது வேற" என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொண்டால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வேண்டியதுதான். ஸ்பெஷலிஸ்டிடமிருந்து வரும் காகிதங்களைப் படித்து, வேண்டாததை அடித்து, வேண்டியதை மட்டும் நிறுத்துவது பாலிகிளினிக் டாக்டரின் முதல் வேலை. சீட்டு எழுதுவதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி, போனவர் திரும்பி வந்த பிறகு இருக்கிறது. ஆனால் நாமோ சீட்டு வாங்கப் போகிறோமே தவிர, திரும்பி வந்து காட்டுவதில்லை!

"ஒண்ணுமில்லை சார்"

பட்டாளத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம். வலியைச் சொல்வது கௌரவக் குறைவு என்று பழகிவிட்டவர்கள். 18, 20 வயதில் சேர்ந்து, வலித்தாலும் அணிவகுப்பில் நின்று பழகியவர்கள். அநேக ஜவான்கள் 40 வயதையொட்டி வீடு திரும்பிவிடுகிறார்கள். காலை ஓட்டமும் பயிற்சியும் நின்றுவிடுகிறது. சாப்பாட்டின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்கின்றன. டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றால், "ஒண்ணுமில்லை சார், நல்லா இருக்கேன்" என்பார். இரண்டு நிமிஷத்தில் விசாரணை முடிந்துவிடும்.

நல்ல டாக்டர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறார். எந்த ரெஜிமெண்ட், எங்கெல்லாம் இருந்தீர்கள், என்ன வேலை என்று கேட்பார். பீரங்கிப் படையில் இருந்தவரா? காதைச் சோதிக்க வேண்டும். "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்லை, டி.வி.யை அலற விடறார்" என்று நீங்கள் கோபித்துக்கொள்வது அலட்சியத்தால் வந்ததாக இராது, பல வருஷம் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமாகியிருக்கலாம். பனிப் பிரதேசத்தில் இருந்தவரா? கால் விரல்களைப் பார்க்க வேண்டும். மூட்டை சுமந்து மலை ஏறியவரா? முதுகும் முழங்காலும்.

வெளியில் தெரியாத காயமும் உண்டு. ராத்திரி திடுக்கிட்டு எழுவது, பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு நடுங்குவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, குடி அதிகமாவது. இதை அவர் வாயால் சொல்ல மாட்டார். நீங்களும் "வெளியே சொன்னா மானம் போயிடும்" என்று மூடி வைப்பீர்கள். வேண்டாம் அம்மா. இது குணக்கேடும் இல்லை, பைத்தியமும் இல்லை. சிகிச்சை இருக்கிற கஷ்டம்தான். முதல் டாக்டரிடம் சொன்னால் மனநல டாக்டரிடம் அனுப்பி வைப்பார். கெட்ட கனவில் புரளும்போது அருகில் போய்த் தொட்டு உலுக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பெயரோ, வழக்கமாகக் கூப்பிடும் முறையோ சொல்லிக் கூப்பிடுங்கள். தினமும் நிறையக் குடித்துப் பழகியவரைத் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி நாள் முழுதும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அமெரிக்காவில் செய்த ஏற்பாடு

முன்னாள் வீரர்களுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி அமைப்பு வைத்திருக்கும் தேசம் அமெரிக்கா. அங்கேயும் ஆளுக்கொரு ஸ்பெஷலிஸ்டிடம் அலைகிற கஷ்டம் இருந்தது. 2010-ல் ஒரு புது முறையை எல்லா இடத்திலும் கொண்டு வந்தார்கள். ஒரு டாக்டர், அவரோடு ஒரு மூத்த நர்ஸ், ஓர் உதவி நர்ஸ், ஒரு குமாஸ்தா. இந்தச் சிறு குழுவிடம் சுமார் 1,200 பேரை ஒப்படைத்தார்கள். அந்த 1,200 பேரும் "இவங்க எங்க டாக்டர்" என்பார்கள். குழுவும் "இவங்க எங்க ஆட்கள்" என்று நினைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர் பரிசோதனைக்கு வராவிட்டால் நர்ஸ் டெலிபோனில் கூப்பிடுவார். டாக்டர் தலைவர்; ஆனால் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிற தலைவர் அல்ல. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்ய விட்டு, எதுவும் விட்டுப் போகாமல் பார்க்கிற தலைவர்.

நம் பாலிகிளினிக்கில் கூட்டம் அதிகம். டாக்டர்கள் ஒப்பந்தத்தில் இருப்பதால் மாறிக்கொண்டும் இருப்பார்கள். இந்த வருஷம் பார்த்தவர் அடுத்த வருஷம் இல்லாமல் போகலாம். அதனால்தான் உங்கள் ஒத்தாசை தேவைப்படுகிறது. டாக்டர் மாறினாலும் மாறாமல் இருக்க வேண்டியது உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முதல் பக்கத்தில் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

2. போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, சூரணம், கடையில் தானே வாங்கிய வலி மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம்.

3. ஸ்பெஷலிஸ்டைப் பார்த்துவிட்டு வந்ததும், அந்தக் காகிதத்தைப் பாலிகிளினிக் டாக்டரிடம் காட்டி, "பழைய மாத்திரையில் எதை நிறுத்தணும் டாக்டர்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

4. சர்க்கரை உள்ளவருக்கு மூன்று மாத சராசரி சர்க்கரை, வருஷம் ஒரு முறை கண், பாதம், சிறுநீரகம் இவை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

5. கூடுமானவரை கூடவே போங்கள். "ஒண்ணுமில்லை" என்று அவர் சொன்னால், தூக்கம், குடி, கோபம், மூச்சிரைப்பு பற்றி நீங்கள் பணிவாகச் சொல்லுங்கள். அவர் எதிரில் சொல்லக் கூச்சமானால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிடலாம்.

6. நெஞ்சு வலி, கை கால் விழுவது, வாய் கோணுவது போன்ற அவசரத்தில் சீட்டுக்காகக் காத்திராதீர்கள். அருகில் எந்த ஆஸ்பத்திரி உண்டோ அங்கே ஓடுங்கள். அது திட்டத்தில் சேராத ஆஸ்பத்திரியானால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். அந்த டெலிபோன் எண்ணை இன்றைக்கே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் கார்டு எங்கே?

கடைசியாக ஒரு கேள்வி. மனைவியும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்தான். கணவர் காலமான பிறகும் குடும்ப பென்ஷன் பெறும் மனைவிக்கு இந்த உரிமை உண்டு. சம்பாதிக்கத் தொடங்காத, கல்யாணமாகாத பெண்ணுக்கும் உண்டு. விதிகள் அவ்வப்போது மாறுவதால் உங்கள் குடும்பத்தில் யார் யார் சேரலாம் என்று பாலிகிளினிக்கிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருக்க, கணவரையும் மாமியாரையும் கூட்டிப் போகிற எத்தனையோ பெண்கள் தங்கள் கார்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று இவர்களும் அதே பட்டாளப் பாட்டைத்தான் பாடுகிறார்கள்! வருஷக் கணக்காக அவர் எல்லையில் இருக்க, இங்கே தனியாகக் குழந்தைகளை வளர்த்து, நிலத்தைப் பார்த்து, பெரியவர்களைக் கவனித்த உடம்பு அது. ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை பாருங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி உதிரம் பட்டாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஆண் டாக்டரிடம் சொல்லத் தயக்கமானால் பெண் டாக்டர் வரும் நாளை விசாரித்துப் போங்கள்.

டாக்டருக்குப் படித்த பெண்ணோ மருமகளோ வீட்டில் இருந்தால் அவளிடமும் சொல்லி வையுங்கள். பாலிகிளினிக் உத்தியோகத்தைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷன் செய்து பெயர் வாங்குகிற வேலை அல்லதான். ஆனால் ஆயிரம் குடும்பங்களில் வர இருந்த பக்கவாதத்தையும் சிறுநீரகக் கோளாறையும் வராமல் தடுக்கிற வேலை. தடுத்ததை யாரும் கண்ணால் காண முடியாது. அதனால் யாரும் மாலை போட மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே வேலூர் சகோதரிக்கு என் பதில்: சீட்டு மட்டும் கேட்டால் சீட்டு மட்டும்தான் கிடைக்கும். அடுத்த மாதம் நோட்டுப் புத்தகத்தோடு நீங்களும் கூடப் போய், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் கார்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அடுத்த இதழில்: மழைக்காலத்தில் கைக்குழந்தைகளுக்கு வரும் சளியும் இருமலும். கடிதங்களைச் சுருக்கமாக எழுதுங்கள், வயதைக் குறிப்பிடுங்கள்.