இயந்திரம் மாற்றுவோர்க்கு

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மொறிஸ் மைனர் இன்றும் ஓடுகின்றதெனின், வீட்டு முற்றத்திலேயே இயந்திரம் மாற்றத் துணிந்த கைகளும் அதற்குக் காரணமாகும். எண்ணெய் படிந்த அக்கைகளை இழிவாக நோக்கும் படிப்பாளிகளோடு நமக்கு உடன்பாடில்லை.

எனினும் ஒரு குறை உண்டு. 1952இல் வந்த 803 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைக் கழற்றி, 1962இல் வந்த 1098 ஐக் கியர்ப்பெட்டியுடன் ஏற்றுவோர் உளர். அவ்விரண்டையும் பூட்டியபடியே இறக்குவர். தனித்தனியே பொருத்தினால் கியர்ப்பெட்டியின் பாரம் கிளச்சுத் தட்டிலே தங்கி அதனைக் கெடுத்துவிடும் என்பதை நன்கறிவர். இத்துணை நுட்பம் அறிந்தோர் பிறேக்கை மறப்பதேன்? 1098 ஐப் பூட்டிய ஆண்டிலேயே, செய்தவர்கள் முன்சில்லுப் பிறேக்கு டிறம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். முற்றத்தில் மாற்றுவோர் சிலரோ வேகத்தை மட்டும் ஏற்றி, பழைய டிறம்மையே விட்டுவிடுகின்றனர். பதிவிலுள்ள இயந்திர இலக்கத்தை மாற்றுவிக்கவும் மறப்பர். அது பிறிதொரு வழக்கு.

மாங்கொம்பிற் சங்கிலிக் கப்பி கட்டித் தூக்குவதையும் நாம் ஏற்கோம். கொம்பு முறிந்தால் கீழே நிற்பவன் பிடித்துக் கொடுக்கச் சென்ற நம் மாணவனாகவும் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அவ்வாறு செல்லும் மாணவர், கப்பியைத் தொடுமுன் வண்டிக்காரரிடம், "அண்ணை, டிறம் எத்தனை அங்குலம்?" என்று கேட்பாராக.