மெரிட்டின் யோக்கியதை



வகுப்புவாரி உரிமை என்ற பேச்சை எடுத்த மாத்திரத்திலேயே, "மெரிட் போச்சே, மெரிட் போச்சே" என்று ஒரு கூட்டம் மாரடித்துக் கொள்வதைப் பார்க்கின்றோம். அப்படி மாரடிக்கின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும் என்று கேட்கின்றோம்.

மெரிட் என்பது இலத்தீன் பாஷையிலிருந்து வந்த சொல். "மெரேரே" என்றால் சம்பாதிப்பது என்று பொருள். ரோமாபுரிச் சிப்பாய் சேவகம் செய்து சம்பளம் பெறுவதற்கும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆகவே பாடுபட்டவனுக்குச் சேர வேண்டியது எதுவோ அதுவே மெரிட். பிறகு பாதிரிமார்கள் அதைக் கடவுளிடத்தில் சேர்த்து வைக்கும் கணக்காக ஆக்கினார்கள். நம் நாட்டுப் "புண்ணியம்" என்பதை இங்கிலீஷில் பெயர்த்தவர்களும் மெரிட் என்றே எழுதினார்கள். பூர்வ ஜென்மப் புண்ணியத்தால் மேல்சாதியில் பிறந்தான் என்கின்ற புராணமும், மெரிட்டால் சீட்டுக் கிடைத்தது என்கின்ற இன்றைய பேச்சும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன என்றால், இதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்?

நிற்க, இச்சொல்லுக்குக் கோர்ட்டில் என்ன பொருள் என்று பார்ப்போம். 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் 13-வது பிரிவின்படி, அன்னிய நாட்டுக் கோர்ட்டுத் தீர்ப்பு வழக்கின் மெரிட்டைப் பார்த்துச் சொல்லப்படாததானால் அது இங்கு யாரையும் கட்டுப்படுத்தாது. விசுவநாதம் ரெட்டி என்பவர்மீது இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கில், கேட்ட கேள்விகளுக்கு அவர் பதில் தரவில்லை என்று அவருடைய எதிர்வாதத்தையே அடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். அதைச் சென்னையில் நிறைவேற்றப் பார்த்தபோது, இது மெரிட்டைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பல்ல, செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1916-ல் சொல்லிவிட்டது. அதாவது, ஒருவனுடைய சங்கதியைக் கேட்காமல் சொன்ன தீர்ப்புக்கு மெரிட் என்ற பேரே கிடையாது.

கல்லூரி வாசலில் மட்டும் இந்த நியாயம் தலைகீழாகிறது. தகப்பன் படித்தவனா, கூலிக்காரனா. பள்ளியில் வாத்தியார் இருந்தாரா. பயிற்சி வகுப்புக்குப் பணம் இருந்ததா என்று ஒன்றையும் கேட்கக் கூடாதாம். மூன்று மணி நேரப் பரீட்சையில் 720-க்கு எத்தனை என்பதே மெரிட்டாம்! கோர்ட்டிலே கேட்பது மெரிட். கல்லூரியிலே கேட்காமலிருப்பது மெரிட். இது பித்தலாட்டமா அல்லவா?

மெரிட் காவலர்களின் சரித்திரத்தையும் பாருங்கள். சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவில் 14 இடத்துக்கு 2 இடம் பார்ப்பனருக்கென்றே இருந்தது. ஜனத்தொகையில் நூற்றுக்கு நாலுக்கும் குறைவானவர்களுக்கு அதுவும் போதவில்லை. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவைத் தள்ளியது. வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டதாகவே தெரியவில்லை என்று அத்தீர்ப்பே சொல்லுகிறது! பரீட்சையில் மட்டுமல்ல, மனுப் போடாமலே கூடச் சிலருக்கு மெரிட் வந்துவிடும் போலும். பிறகு நம் மக்கள் கிளர்ச்சி செய்ததன் பேரில், அதே வருஷத்தில் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது.

"மார்க் குறைந்தவன் டாக்டரானால் நோயாளி சாவானே" என்கிறார்கள். இட ஒதுக்கீடு என்பது உள்ளே நுழையும் வாசலுக்குத்தானே ஒழிய, பட்டம் வாங்கும் பரீட்சைக்கல்ல. அங்கே எல்லோரும் ஒரே பரீட்சைதான் தேற வேண்டும். இந்த உயிர்க் கவலை 2023-ல் எங்கே போயிற்று? அவ்வருஷம் செப்டம்பரில் மேல்பட்ட மருத்துவப் படிப்புக்கான நீட் தகுதிக் கோட்டை மத்திய சர்க்கார் பூஜ்ஜியம் பர்சென்டைலுக்கு இறக்கியது. பரீட்சை எழுதியவர்களில் கடைசி ஆள்கூடத் தகுதியுள்ளவர் ஆனார். பணம் கொடுத்து வாங்கும் தனியார் கல்லூரி இடங்களுக்கும் அதே கோடுதான். அன்று எந்த மெரிட் வீரர் மாரடித்துக் கொண்டார்?

பரீட்சை மார்க்கு மட்டுமே மெரிட் ஆகாது, அது சமுதாய நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது என்று 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நாம் பல காலமாகச் சொல்லி வந்ததும் இதுதான்.

ஆதலால் தோழர்களே, இனி எவனாவது மெரிட் என்று வாயைத் திறந்தால், "எந்த மெரிட்? பாடுபட்டவன் கூலியா, பூர்வ ஜென்மப் புண்ணியமா?" என்று கேளுங்கள். கூலி என்றால், கல் உடைத்தவன் பிள்ளைக்கும் மலம் அள்ளினவன் பிள்ளைக்கும் தலைமுறை தலைமுறையாகச் சேர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கட்டும். புண்ணியம் என்றால், அந்தச் சரக்குக் கோயிலோடு இருக்கட்டும். கல்லூரிக்குள் வர வேண்டாம்.