பின்வரிசைக் கிதார்

1973இல் சிட்னியில் தொடங்கிய ஏசி/டிசி என்னும் ஹார்ட் ராக் குழு, 2009 டிசம்பரில் புவெனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் கால்பந்து அரங்கில் மூன்று இரவுகள் நடத்திய கச்சேரிகளின் பதிவில், பள்ளிச் சீருடையணிந்து மேடையெங்கும் ஓடும் ஆங்கஸ் யங்கையே பெரும்பாலோர் கவனிப்பர். ஆனால் காதுகொடுத்துக் கேட்க வேண்டியவர் அவருடைய அண்ணன் மால்கம். பாடலைத் தாங்கும் 'ரிஃப்', அதாவது திரும்பத் திரும்ப மீட்டப்படும் குறும் இசைத்தொடர், பிசகின்றி ஒலிப்பது அவரது தாளக் கிதாரில்தான். பல்லவியின்போது மட்டும் ஒலிவாங்கிவரை முன்வந்து சேர்ந்து பாடிவிட்டு, உடனே டிரம்ஸுக்கு அருகே திரும்பிவிடும் அவருடைய கட்டுப்பாடே, அர்ஜென்டினக் கூட்டத்தின் அத்தனை ஆரவாரத்திலும் இசை சிதறாமல் நிற்பதற்கு முதற்காரணம். அடுத்த உலகச் சுற்றுப்பயணத்துக்குள் நினைவிழப்பு நோய் அவரை மேடையிலிருந்து விலக்கிவிட்டதால், குழுவின் பிற நேரடிப் பதிவுகளைவிட இதையே முதலில் பரிந்துரைக்கத் தோன்றுகிறது.