மின்விசைத் திட்டமும் நமது சங்கங்களும்

மின்விசை இன்று ஆடம்பரப் பொருளன்று. உழவர்க்கு அது நீர்; நெசவாளர்க்கு அது கூலி. கிணற்று மோட்டார் நின்றால் பயிர் வாடுகிறது. விசைத்தறி நின்றால் அன்றைய வருவாய் நிற்கிறது. கைத்தறி வீட்டிலும் விளக்கெரிந்தால்தான் அந்திக்குப் பின் நாடா ஓடும். இத்துணை இன்றியமையாத மின்விசை இன்னும் பத்து ஆண்டுகளில் எங்கிருந்து வரும், எவ்வேளையில் வரும், தட்டுப்பாடு நேர்ந்தால் யாருக்கு முதலில் குறையும் என்பன முடிவு செய்யப்படும்போது நாம் அங்கே இருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. கட்டணம் உயர்ந்த பின் முறையிடுகிறோம். கோபுரம் எழும்பும் வேளையில் மறியல் செய்கிறோம். திட்டம் தீட்டும் வேளையிலோ வாளாவிருக்கிறோம். இக்குறையை நீக்குதல் கூட்டுறவுச் சங்கங்களின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மின்கம்பி செல்லும் திசையிலேயே பிழைப்பும் செல்கிறது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1932ஆம் ஆண்டில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பயனாகக் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் கவலை ஏற்றம் மறைந்து பம்புசெட்டு வந்தது. பின்னர் மேட்டூரும் பாபநாசமும் பிற வட்டாரங்களுக்கு ஒளி தந்தன. ஆகவே மின்விசைத் திட்டம் என்பது பொறியியல் வரைபடம் மட்டுமன்று. ஒரு வட்டாரத்தின் தொழில் எவ்வாறு அமையும் என்பதற்கான திட்டமுமாகும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இவ்வுண்மை கசப்பாகப் புலப்பட்டது. 2012ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் மின்வெட்டு ஓரிரு மணி நேரமாக இருக்க, மற்ற மாவட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் கடந்தது. அந்தப் பங்கீட்டை வகுத்தபோது தறிக்காரரையோ தோட்டக்காரரையோ எவரும் கலந்துகொள்ளவில்லை. 2018ஆம் ஆண்டில் மேற்கு மாவட்டங்களில் ராய்கர்–புகலூர் உயர் மின்னழுத்தத் திட்டத்தையொட்டிய கோபுரங்கள் விளைநிலங்களில் எழுந்தபோது உழவர்கள் போராடினர். இத்தகைய பாதைகளை அமைப்போர்க்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை வழங்க மின்சாரச் சட்டத்தில் இடமுண்டு. அவ்வதிகாரம் பெற்றோர்க்கு நிலத்துக்குரியவரின் இசைவு வேண்டுவதில்லை. இழப்பீடு தந்தால் போதும். பாதையின் கோடு வரையப்பட்ட பின் எழும் குரலுக்கு வலிமை குறைவு என்பதை அப்போராட்டம் உணர்த்தியது.

ஆயினும் பேசுவதற்கு வாயிலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கட்டண விண்ணப்பத்தை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்துகளையும் மறுப்புகளையும் ஆராய்ந்த பின்னரே ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் அத்தகைய கூட்டங்கள் நடைபெற்றன. ஆணையத்துக்கு ஆலோசனை கூற, 21 பேருக்கு மேற்படாத குழுவொன்றில் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் நுகர்வோர்க்கும் இடமுண்டு. அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, கிராமப்புறங்களில் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி விநியோகிக்கத்தக்கவர்களுள் கூட்டுறவுச் சங்கங்களையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. மேலும், விநியோக நிறுவனங்கள் பத்து ஆண்டுத் தேவையைக் கணித்து ஆண்டுதோறும் திருத்திவர வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு நெறிமுறை வகுத்துள்ளது. வாயில்கள் உள்ளன. அவற்றுள் நுழைவோர் கையில் கொண்டுசெல்ல வேண்டியது என்ன என்பதே வினா.

கணக்கு என்பதே விடை. குறையைச் சொல்லுவோர் பலர். கணக்கைக் காட்டுவோர் சிலர். தமிழ்நாட்டு வேளாண் மின்னிணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. ஆகவே உழவர் செலவிடும் மின்சாரம் அளக்கப்படாமல் உத்தேசமாகவே மதிப்பிடப்படுகிறது. அரசு தரும் மானியமும் அவ்வுத்தேசத்தையே தழுவியது. கம்பியில் விரயமாகும் மின்சாரத்தின் ஒரு பகுதி உழவர் பெயரில் எழுதப்பட்டால், அதை எதைக் கொண்டு மறுப்பது? மீட்டர் வந்தால் 1990 முதல் பெற்றுவரும் கட்டணமில்லா மின்சாரம் போய்விடுமோ என்று உழவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. ஆனால் நம் சங்கம் நமக்காக எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

எளிய உதாரணம் ஒன்று காண்போம். 5 குதிரைத்திறன் மோட்டார்கள் 25 ஒரே வேளையில் ஓடினால் அவை இறைப்புக்குத் தரும் ஆற்றலே ஏறத்தாழ 93 கிலோவாட். மோட்டாரில் நேரும் இழப்பையும் சேர்த்தால் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு அது மிகுபாரம். மின்னழுத்தம் தாழ்கிறது, மோட்டாரின் காயில் கருகுகிறது, காயில் கட்டும் செலவு உழவர் தலையில் விழுகிறது. அந்த 25 பேரும் கூடி முறைவைத்து இரு பகுதியாக இறைத்தால் அதே டிரான்ஸ்பார்மர் தாங்கும். போதாதெனில் இரண்டாவது டிரான்ஸ்பார்மர் வேண்டுமென்று ஆதாரத்துடன் கேட்கலாம். இரண்டுக்கும் முதற்படி, எண்ணி எழுதுதலே.

வருங்காலத்தில் இக்கணக்கின் மதிப்பு இன்னும் பெருகும். காற்றாலை மின்சாரம் வைகாசி முதல் புரட்டாசி வரை மிகுந்து, பின்னர் மெலியும். சூரிய மின்சாரம் உச்சிப் பொழுதில் ஓங்கி அந்தியில் மறையும். ஆகவே பகலில் இறைக்க இசையும் உழவர்க்குச் சூரிய மின்சாரம் பொருந்தும். நள்ளிரவில் மும்முனை மின்சாரத்துக்காகக் காத்து வயலுக்குச் செல்லும் துன்பமும் நீங்கும். இரவிலும் தறியோட்டும் நெசவாளர்க்கோ, கடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் அமைந்தது போன்ற நீரேற்று மின்நிலையங்களும் பிற சேமிப்பு வழிகளும் வேண்டும். 2023ஆம் ஆண்டில், இரு மாதங்களுக்கான கட்டணமில்லா மின்சாரம் கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும் விசைத்தறிக்கு 1000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. அது நன்றே. ஆனால் வேண்டும் வேளையில் மின்சாரம் வராவிடில் யூனிட்டின் எண்ணிக்கையால் தறி ஓடாது.

“திட்டமிடுதல் பொறியாளர் வேலை, பாமரர்க்கு அதில் என்ன இடம்?” என்று சிலர் கேட்பர். மின்சாரத்தை எவ்வாறு கொண்டுவருவது என்பது பொறியாளர்க்குத் தெரியும். எம்மாதத்தில், எவ்வேளையில், எதற்காக வேண்டும் என்பது உழுவோர்க்கும் நெய்வோர்க்குமே தெரியும். இரண்டும் கூடினால்தான் திட்டம் முழுமை பெறும்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1969ஆம் ஆண்டில் கிராம மின்வசதிக் கழகம் தோன்றியபின், அதன் ஆதரவில் ஐந்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் சோதனை முறையில் அமைந்தன. அவற்றுள் ஒன்று விசைத்தறிகள் நிறைந்த சிர்சில்லாவில் உள்ளது. அதன் இயக்குநர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். மகாராஷ்டிரத்தின் முளா–பிரவரா சங்கமோ, மின்வாரியத்துக்குரிய பாக்கி மலைபோல் குவிந்து 2011இல் விநியோக உரிமையை இழந்தது. வசூல் தளர்ந்தால் எந்தச் சங்கமும் நிலையாது என்பது இதனால் பெறப்படும் பாடம். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, ஊரின் தேவை போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சியால் இயன்றது சங்கங்கள் பல சேர்ந்தால் இயலாததாகுமா?

உடனே விநியோகத்தை மேற்கொள்ளுங்கள் என்று நான் கூறவில்லை, கணக்கு முந்தட்டும். முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களின் மோட்டார், தறி, ஓடும் மாதம், ஓடும் நேரம், கிடைத்த மும்முனை மின்சாரம், கருகிய மோட்டார் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு தொடங்குக. இரண்டாவதாக, பொதுப்பேரவையில் அதனைப் படித்து, உழவரும் நெசவாளரும் பகலையும் இரவையும் தமக்குள் பேசி ஒரு தீர்மானத்துக்கு வருக. மூன்றாவதாக, வட்டத்துச் சங்கங்கள் ஒன்றுகூடி, அத்தீர்மானத்தை மின்பகிர்மானச் செயற்பொறியாளர்க்கும், கருத்துக் கேட்கும் காலத்தில் ஆணையத்துக்கும் எழுத்து மூலம் அனுப்புக. எம் போன்ற ஆய்வாளர்கள் வரவுசெலவுப் புத்தகங்களைப் பார்ப்பதோடு நில்லாது, இப்பதிவேட்டை அமைக்கவும் துணை நிற்க வேண்டும்.

கடன் கேட்கும் உறுப்பினரிடம் நிலமும் விளைச்சலும் எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறோம். அதே ஒழுங்குடன், மின்விசை கேட்கும் நாமும் நம் தேவையின் கணக்கைக் காட்டுவோமாக. கணக்குடன் வரும் சங்கத்தைக் கேளாமல் திட்டம் தீட்டுதல் எவர்க்கும் எளிதன்று.