ஒத்திகை எப்போது சேரிக்கு வரும்?

ஏப்ரல் 14. நாம் அண்ணலின் சிலைக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கும் அதே நாளில் தீயணைப்பு நிலையங்கள் தீத்தொண்டு நாள் அனுசரிக்கின்றன. 1944இல் அன்றுதான் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாக ஒரு வாரம் ஒத்திகைகள் நடக்கும்: பள்ளி, மருத்துவமனை, வணிக வளாகம், அடுக்குமாடி. நடக்கட்டும். ஆனால் மலக்குழியில் விழுந்தவரை மீட்கும் ஒத்திகையை எங்கள் பகுதியில் நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பயிற்சிக்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். அதில் எதை முதலில் வைப்பது என்பதிலும் சாதி இருக்கிறது தோழர்களே.

மலக்குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்று நினைத்து இறங்கியவர் சில மூச்சுகளில் சரிவார். சத்தம் வரவில்லையே என்று தம்பி இறங்குவார், பின்னாலேயே மச்சான். ஒரே குழியிலிருந்து மூன்று சடலங்களைத் தூக்குவது இப்படித்தான். முகத்தில் கட்டும் துணி இதற்கு உதவாது. காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி, வாயு அளக்கும் கருவி, முக்காலி, கயிறு எல்லாம் வேண்டும். அவற்றோடு அந்தக் குறுகிய வாய்க்குள் இறங்கி ஏறிப் பழகியிருக்கவும் வேண்டும். பழகாத வீரரை அனுப்பினால் அவர் உயிருக்கும் உத்தரவாதமில்லை.

மீட்கத்தான் ஆள் இருக்கிறதே என்று எவரும் தொழிலாளியை இறக்கிவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு கிடைக்கும் பணம் அது.

இன்னொன்று, வழி. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளைக் கொளுத்தியவர்கள் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். சாதிக் கலவரத்தில் தீ வைக்கப்பட்டால் மாற்றுப் பாதை எது, தண்ணீர் எங்கே எடுப்பது, வண்டிக்குக் காவல் யார்? பயிற்சித் திட்டத்தில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். சாதாரண நாளிலேயே பெரிய வண்டி திரும்ப முடியாத காலனித் தெருக்கள் எத்தனை!

உங்கள் ஊர் நிலையம் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்தான். கடந்த ஓராண்டில் மலக்குழி மீட்பு ஒத்திகை எத்தனை முறை நடந்தது, சுவாசக் கருவி எத்தனை, அதில் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், காலனியில் ஒத்திகை நடந்த தேதி என்ன என்று கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.